அடுப்புக்குள் துணி அடுக்குகிறவர்

துடைப்பாண்டி என்று ஓர் இனம் உண்டு. எல்லா நாட்டிலும் உண்டு என்றாலும், அது நன்றாகக் கொழுத்து வளர்கிற இடம் அமெரிக்காவின் வீட்டுவண்டி முகாம்கள்தான். வீட்டுவண்டி என்றால் நம் சினிமா நட்சத்திரங்கள் ஷாட்டுக்கு ஷாட் போய் உட்கார்ந்துகொள்வார்களே, அந்தக் கேரவன் மாதிரி. இவர்களுக்கு அது உட்கார்ந்துவிட்டு வருகிற இடம் இல்லை. ஓய்வு பெற்றபின் குடியிருக்க வாங்கிய வீடு. படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிவறை, குளியல் எல்லாம் உள்ளேயே இருக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் சுவரே வெளியே நகர்ந்து கூடம் அகலமாகிவிடும். இவ்வளவையும் ஒரு மனிதர் ஆசை ஆசையாக வாங்குவது எதற்காக? ஊர் சுற்றவா? மலை பார்க்கவா? நீங்கள் அப்படித்தான் நினைப்பீர்கள். துடைப்பாண்டி அதை வாங்குவது துடைப்பதற்காக.

அவரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். வண்டியின் வாசலில் ஒரு மிதியடி இருக்கும். படியில் ஒன்று இருக்கும். படிக்கு உள்ளே மூன்றாவது இருக்கும். அது அழுக்காகாமல் இருக்க அதன்மேல் ஒரு பழைய துண்டு விரித்திருக்கும். நீங்கள் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டீர்கள் என்று வையுங்கள், அவர் பார்வை உங்கள் சாக்ஸுக்குப் போகும். சாக்ஸையும் கழற்றினால் பாதத்துக்குப் போகும். அதற்குமேல் கழற்ற உங்களிடம் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், "பரவால்ல, வெளியிலயே உக்காரலாம், காத்து நல்லா வருது" என்பார். பாலைவனத்தில் காற்று தனியாக வராது, மணலோடுதான் வரும். அந்த மணல் உங்கள்மேல் படியலாம். வண்டிக்குள் படியக்கூடாது.

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். வெண்டல் ஹாஃப்ஸ்டாட், மின்னசோட்டாக்காரர். அங்கே பள்ளிப் பேருந்துகளைக் கழுவிப் பழுது பார்க்கும் ஒரு பணிமனைக்கு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இருக்கைகளுக்கு அடியில் பிள்ளைகள் ஒட்டிவிட்டுப் போன சூயிங்கத்தைச் சுரண்டச் சொல்லியே தலை நரைத்து, மனிதகுலத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டவர். ஊரில் பனி விழத் தொடங்கியதும் மனைவி ஆர்டிஸை ஏற்றிக்கொண்டு தெற்கே அரிசோனாவுக்கு வந்து, குளிர்காலம் முடியும்வரை ஒரே முகாமில் வண்டியை நிறுத்திவிடுவார். அதே குளிருக்குப் பயந்து வந்த கிழவர்களும் கிழவிகளும் சாயங்காலமானால் மடக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து, கையில் ஆளுக்கொரு கோப்பையோடு தங்கள் முழங்கால் ஆபரேஷன்களைப் பற்றிப் பேசுவார்கள். வெண்டலும் பேசுவார். அவர் பேசுவது ரப்பரைப் பற்றி.

நகரும் சுவரின் விளிம்பில் தண்ணீர் புகாமல் ஒட்டியிருக்கும் ரப்பர். அது காய்ந்தால் என்ன ஆகும், வெடித்தால் என்ன ஆகும், அதற்கு எந்த மருந்தை எந்தத் துணியால் எந்தத் திசையில் பூச வேண்டும் என்று அவர் ஆரம்பித்தால், முழங்கால் வலிக்காரர்கள்கூட எழுந்து வேகமாக நடந்துவிடுவார்கள்.

விடிந்ததும் வெண்டல் காபி குடிக்க மாட்டார். முதலில் காபி இயந்திரத்தைத் துடைப்பார். பிறகு ஜன்னல் சறுக்கும் பள்ளத்திலிருந்து பல் துலக்கும் பிரஷ்ஷால் மணலை எடுத்து, மணல் போன இடத்தைக் காது குடையும் பஞ்சுக்குச்சியால் ஒற்றி, கூரை விசிறியின் இறகுகளை ஒவ்வொன்றாக ஈரத்துணியால் வழித்து, ஏசியின் வடிகட்டியைக் கழற்றிக் கழுவிக் காயப்போட்டு, எலி வராமலிருக்க அலமாரிகளுக்குள் வைத்திருக்கும் வாசனைக் காகிதங்களை முகர்ந்து பார்த்து வாசனை போனதை மாற்றி, மெத்தையைத் தூக்கி அடியில் ஈரம் கோத்திருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவி, வினிகரும் தண்ணீரும் கலந்த பாட்டிலை எடுத்துச் சுவர் முழுக்கத் தெளித்துத் துடைத்து, பொத்தானை அழுத்திச் சுவரை உள்ளே இழுத்து, ரப்பருக்கு மருந்து பூசி, சுவரை மறுபடி வெளியே நகர்த்தி, அதற்குள் ஆர்டிஸ் எழுந்து நடந்துபோன கால்தடம் தரையில் தெரிவதைக் கண்டு பெருமூச்சு விட்டு, தரையிலிருந்து திரும்பவும் ஆரம்பிப்பார். மத்தியானம் ஆகிவிடும். மலையா? அது பாட்டுக்கு அங்கே இருக்கும். ஜன்னல் வழியாக நன்றாகத் தெரியும். கண்ணாடி அவ்வளவு சுத்தம்.

சட்டதிட்டங்கள் தனி. உள்ளே வெங்காயம் வதக்கக்கூடாது, மீன் என்ற சொல்லையே எடுக்கக்கூடாது. ரொட்டியை வெளியே நின்றுதான் தின்ன வேண்டும், ஏனென்றால் துகள் விழும், துகள் விழுந்தால் எலி வரும், எலி வந்தால் மின்கம்பியைக் கடிக்கும், கம்பியைக் கடித்தால் வண்டி எரியும். ஆக, உள்ளே உட்கார்ந்து ரொட்டி தின்கிறவர் வண்டிக்குத் தீ வைக்கிறவர். கழிவறையில் சின்ன விஷயத்துக்கு மட்டும்தான் அனுமதி. பெரிய விஷயத்துக்கு முகாமின் பொதுக் கழிப்பிடத்துக்கு நடக்க வேண்டும், காற்றானாலும் குளிரானாலும். குளியலறை என்று ஒன்று இருக்கிறதே, அதில் குளிக்கலாமா? குளித்தால் ஈரமாகிவிடாதா? அதற்குள் துடைப்பமும் தூசி உறிஞ்சியும் குடியிருந்தன.

ஈரம்தான் அவருக்குப் பெரிய பகை. குளிர்ந்த காலைகளில் ஜன்னலின் உட்பக்கம் நீர் பூத்திருக்கும். ஏன்? இரண்டு பேர் இரவு முழுவதும் மூச்சு விட்டதால். தன் மூச்சை அவரால் ஓரளவு கட்டுப்படுத்த முடிந்தது. ஆர்டிஸ் ஜன்னல் பக்கம் படுக்கிறவள். "இந்தப் பக்கமா திரும்பி மூச்சு விடேன்" என்று அவர் அவளிடம் சொன்னதை முகாமில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கேக் சுடுவதற்கென்று கதவு வைத்த அடுப்பைத் திறந்தால் உள்ளே துணி இருக்கும். கண்ணாடிக்கு நீலம், மரத்துக்கு மஞ்சள், மற்றதுக்கெல்லாம் வெள்ளை என்று மடித்து, நிறம் பார்த்து அடுக்கியது. வண்டி வாங்கிய நாளிலிருந்து அந்த அடுப்பு சூடு கண்டதில்லை. சமையல் எல்லாம் வெளியே, மேஜைமேல் வைத்த இரும்புத் தட்டில்தான். காற்றடித்தால் முட்டையில் மிளகுத்தூளைவிட மணல் அதிகமாக இருக்கும்.

இந்த அடுப்பைப் பற்றித்தான் நம் கதை.

ஆர்டிஸ் அம்மாளுக்கு ஊர் சுற்றுகிற ஆசை பெரிதாகக் கிடையாது. அவளுக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. கோடையில் ஊரின் காட்டுப் பக்கம் போய், கொசுக்கடியில் நின்று, தன் கையாலேயே புளூபெர்ரி பழம் பறித்து, உறையவைத்து, குளிர்காலத்தில் தன்னோடு கொண்டுவருவாள். அந்தப் பழத்தைப் போட்டு, பழச்சாறு மேலே கொதித்து வழிகிற மாதிரி ஒரு கேக், தன் சொந்த அடுப்பில் சுட வேண்டும். சுட்டு, நாலு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. முதல் குளிர்காலத்தில் கேட்டாள். வண்டி இன்னும் புதுசு, அந்தப் புது வாசம் போகட்டும் என்றார் வெண்டல். அடுத்த குளிர்காலத்தில் கேட்டாள். அந்தப் புது வாசம் இன்னும் போகவில்லையே, அதைப் போய்க் கெடுப்பதா என்றார். அதற்கடுத்த தடவை கேட்டபோது, என்றைக்காவது விற்க வேண்டி வந்தால் வாங்குகிறவன் முதலில் அடுப்பைத்தான் திறந்து பார்ப்பான் என்றார். யாரென்றே தெரியாத, இன்னும் பிறந்தானா என்றுகூடத் தெரியாத ஒருவனுக்காக அந்த அடுப்பு காத்திருந்தது. பழம் ஊருக்குத் திரும்பிப் போனது.

நான்காம் குளிர்காலத்தில் அவள் கேட்கவே இல்லை. அதை வெண்டல் நல்ல முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டார்.

நடந்தது என்னவென்றால், அம்மாள் எதிர் வரிசையில் நின்ற லூயெல்லாவின் வண்டிக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தாள். லூயெல்லா ஓக்லஹோமாவில் தபால்காரியாக இருந்தவள், கணவன் இல்லை, இரண்டு நாய்கள் உண்டு. அவள் வண்டிக்குள் உட்கார வேண்டுமானால் முதலில் எதையாவது நகர்த்த வேண்டும், பெரும்பாலும் நாயை. மேஜையில் பாதி முடித்த படத்துண்டுப் புதிர், அதன்மேல் சீட்டுக்கட்டு, அதன்மேல் ஜாம் பாட்டில். எந்நேரமும் எதுவாவது வெந்துகொண்டிருக்கும். காலையில் காபி குடிக்கப் போன ஆர்டிஸ் மத்தியானச் சாப்பாட்டுக்கும் அங்கேயே இருந்தாள், சீட்டாட்டத்துக்கும் இருந்தாள். பிறகு தூங்க மட்டும் வீட்டுக்கு வந்தாள். வெண்டலுக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். தரையில் தடம் குறைந்தது.

லூயெல்லா அந்த மாதக் கடைசியில் டெக்சாஸ் கடற்கரைப் பக்கம் போவதாக இருந்தாள். கூட வருகிறாயா என்று ஆர்டிஸைக் கேட்டிருந்தாள். ஆர்டிஸ் அதை வெண்டலிடம் சொன்னபோது அவர் ஏசி வடிகட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வண்டியில் போனால் உடம்பெல்லாம் நாய் முடியாகிவிடும் என்று மட்டும் எச்சரித்தார்.

முகாமில் ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை, எல்லாரும் தங்கள் வண்டிக் கதவைத் திறந்துவைத்து மற்றவர்களை உள்ளே வந்து பார்க்க விடுவார்கள். மற்றவர்களுக்கு அது பொழுதுபோக்கு. துடைப்பாண்டிக்கு அது திருவிழா. அதற்கு முந்தைய வாரம் முழுவதும் வெண்டல் தூங்கினாரா என்பது சந்தேகம். ஆர்டிஸின் பஞ்சுச் செருப்பு, பின்னல் பை, விளிம்பு உடைந்த காபிக் கோப்பை, படிக்கிற கண்ணாடி, அவள் தலையணை, ஃபிரிட்ஜ் கதவில் அவள் ஒட்டியிருந்த படங்கள் எல்லாவற்றையும் பெட்டிகளில் போட்டு வண்டியின் அடிவயிற்றில் இருக்கும் சாமான் அறைக்குள் தள்ளினார். பார்வைக்கு இடைஞ்சலாக இருக்கிறதாம். ஒரு வாரத்துக்குத்தான் என்று சொன்னார். ஆர்டிஸ் செருப்பு போன பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எதிர் வண்டிக்குப் போய்விட்டாள்.

எல்லாம் போனபின் சோபாவுக்கு மேலே சுவர் மொட்டையாகத் தெரிந்தது. கல்யாணமான புதிதில் எடுத்த ஆர்டிஸின் படம் ஒன்றுக்குக் கண்ணாடி போட்டு, அந்தக் கண்ணாடியைத் தும்பு இல்லாமல் துடைத்து, அங்கே மாட்டினார். படத்தின் கீழே அழகுக்கு ஒரு மெழுகுவத்தி வைக்கலாமென்று தோன்றியது. உண்மையான மெழுகுவத்தி புகை விடும். பேட்டரியில் எரிகிற மெழுகுவத்தி ஒன்றை வாங்கி வைத்தார். அது இரவும் பகலும் படத்தின் முன்னால் மினுக்மினுக்கென்று எரிந்தது. நம் ஊர்க்காரர்கள் யாராவது வந்திருந்தால் மாலை எங்கே என்று கேட்டிருப்பார்கள்.

சனிக்கிழமை கூட்டம் வந்தது. ஆஸ்பத்திரியில் மாட்டுகிற நீலக் காலுறைகளை வாசலில் நின்று வெண்டலே எல்லாருக்கும் மாட்டிவிட்டார். வந்தவர்களில் பெர்னீஸ் என்ற நெப்ராஸ்காக்கார அம்மாளும் அவள் தோழிகள் சிலரும் இருந்தார்கள்; அந்த வாரம்தான் முகாமுக்கு வந்தவர்கள், எல்லாருமே கணவனைப் பறிகொடுத்தவர்கள். அவர்கள் ஒற்றைத் தலையணையைப் பார்த்தார்கள். ஒற்றைக் கோப்பையைப் பார்த்தார்கள். படத்தைப் பார்த்தார்கள், மெழுகுவத்தியைப் பார்த்தார்கள், பின்பு வெண்டலைப் பார்த்தார்கள். இவ்வளவையும் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பெர்னீஸ் அம்மாள் மெல்லிய குரலில் கேட்டாள். எல்லாம் நான் ஒருத்தன்தான் என்றார் வெண்டல், நெஞ்சை நிமிர்த்தி. அவள் அவர் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள். தன் சுவர் இவ்வளவு தூரம் ஒருத்தரை உருக்கிவிட்டதே என்று அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

அந்த ஊரில் மனைவியை இழந்தவன் வாசலுக்கு அழுகைக்கு முன்னால் சாப்பாடு வந்துவிடும். கண்ணாடிப் பாத்திரத்தில் சுட்டெடுத்த சாப்பாடு. பாத்திரத்தின் அடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, அதில் கொண்டுவந்த அம்மாளின் பெயர் எழுதியிருக்கும். எதற்கு? பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க அவன் போக வேண்டும் அல்லவா? போனால் உட்காரச் சொல்வார்கள் அல்லவா? இப்படித்தான் பல வீடுகளில் இரண்டாம் கல்யாணம் ஆகியிருக்கிறது.

திங்கட்கிழமை வெண்டலுக்கு உருளைக்கிழங்கும் பன்றிக்கறியும் வந்தது. செவ்வாய்க்கிழமை வேறு கையால் கோழியும் நூடுல்ஸும் வந்தது. அவர் குழம்பவே இல்லை. முகாமில் சுத்தத்துக்கு இதுவரை ஒரு பரிசும் கொடுத்ததில்லை. இப்போதுதான் ஜனங்களுக்குக் கண் திறந்திருக்கிறது என்று நினைத்தார். வாசனை உள்ளே போகாமல் வெளி மேஜையில் வைத்தே சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தை அவருக்கே உரிய முறையில் கழுவினார். மூலையில் வருஷக்கணக்காகப் பிடித்திருந்த பழுப்புக் கறையைக்கூட எடுத்து, கண்ணாடி பளபளக்கத் துடைத்து, கொண்டுபோய்க் கொடுத்தார். அதைக் கையில் வாங்கிப் பார்த்த கைம்பெண்களின் நிலைமையை நான் சொல்ல வேண்டுமா? ஆளுக்கொரு கிழமை என்று முறை வைத்துக்கொள்ளும்படி ஆகிவிட்டது.

வியாழக்கிழமை பெர்னீஸ் அம்மாளின் முறை. பீன்ஸும் காளானும் சுட்டு, மேலே வறுத்த வெங்காயம் தூவி, பாத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படியருகே நின்று, தூக்கமெல்லாம் வருகிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். ரப்பருக்கு மருந்து போட்ட அன்றைக்கு நன்றாக வருகிறது என்று வெண்டல் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஆர்டிஸ் எதிர் வண்டியிலிருந்து வந்தாள். லூயெல்லா வெண்டலுக்கென்று கொடுத்தனுப்பிய சூப் கிண்ணம் அவள் கையில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

பெர்னீஸ் அம்மாளின் முகம் மாறியது.

"நீங்களும் கொண்டாந்துட்டீங்களா? இன்னிக்கு வியாழன். வியாழன் என்னோட முறைன்னு பேசி வெச்சிருக்கோமே, யாரும் சொல்லலையா?"

என்ன முறை என்று ஆர்டிஸ் கேட்டாள்.

"இவருக்குச் சாப்பாடு குடுக்கிறதுதான். பாவம், வீட்டம்மா போனதுக்கப்புறம் ஒத்தையில கெடக்கறாரே."

ஆர்டிஸ் வெண்டலைப் பார்த்தாள். வெண்டல் பீன்ஸைப் பார்த்தார். கிடைத்தது பரிசு இல்லை என்பது அவருக்கு அந்தக் கணத்தில்தான் உறைத்தது.

"வீட்டம்மா நான்தான்" என்றாள் ஆர்டிஸ். "நான் இங்கதான் இருக்கேன்."

பெர்னீஸ் அம்மாள் நல்ல மனசுக்காரி. பொய் சொல்கிறாள் என்று யாரையும் சட்டென்று நினைக்கிறவள் இல்லை. நம்புவதற்குத்தான் அவள் முயற்சி செய்தாள். வெண்டலின் தோளுக்கு மேலாக எட்டி வண்டிக்குள் பார்த்தாள். சோபாவை, மேஜையை, படுக்கையை, ஒற்றைத் தலையணையை, கொக்கியில் தொங்கிய ஒற்றைச் சட்டையை, ஒன்றுவிடாமல் பார்த்தாள். பார்த்துவிட்டு, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவளாகக் கேட்டாள்.

"எங்க?"

பெர்னீஸ் அம்மாளின் கண் சுவரில் இருந்த படத்துக்குப் போயிற்று, அங்கிருந்து ஆர்டிஸின் முகத்துக்கு வந்தது, திரும்பவும் படத்துக்குப் போயிற்று. அவள் முகத்தில் ஈயாடவில்லை. பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு, மன்னிக்கச் சொல்லி என்னவோ முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள்.

வெண்டல் சிரிக்கப் பார்த்தார். புதுசா வந்தவங்க, அவங்களுக்கு என்ன தெரியும் என்று ஆரம்பித்தார். ஆர்டிஸ் சூப் கிண்ணத்தைப் பீன்ஸுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அவ மேல தப்பில்ல வெண்டல். நானே வெளியாளா வந்து எட்டிப் பாத்திருந்தா, எனக்கும் அப்படித்தான் தோணியிருக்கும்."

"ஒரு வாரத்துக்குத்தானே எடுத்து வெச்சேன்..."

"இப்ப எடுத்து வெச்சதச் சொல்லல. நாலு வருஷமா சொல்றேன். நாளைக்கு நான் நெசமாவே செத்துட்டேன்னு வையி. வீடுன்னா ஒரு மாசம் ஆகும், பொண்டாட்டி சாமானை எடுத்துக் கட்டிவைக்க. உனக்கு அந்த வேலையே இல்ல. என்னோடதுன்னு உள்ள ஒண்ணுகூடக் கெடையாது. ஜன்னல்ல மூச்சு படிஞ்சா அதயும் தொடச்சிடற."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் வெண்டலுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சத்தம் போடாதே, அக்கம்பக்கம் பார்க்கிறார்கள் என்று சொல்லித் தப்பித்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் லூயெல்லா கிளம்புகிறாள், நானும் போவதாக இருக்கிறேன் என்றாள் ஆர்டிஸ். எப்போது திரும்புவாய் என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை என்று சொன்னாள். அந்தத் தெரியவில்லைதான் வெண்டலை ஆட்டிவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரு துணி வைத்திருந்த மனிதருக்கு அதைத் துடைக்கத் துணி இல்லை. உள்ளே போய் சோபாவில் உட்கார்ந்தார். வண்டி அவ்வளவு அமைதியாக, அவ்வளவு சுத்தமாக இருந்தது. அவர் ஆசைப்பட்டதே இதுதான்.

சனிக்கிழமை காலையில் லூயெல்லாவின் வண்டிக்கு முன்னால் வெண்டல் வந்து நின்றார். இத்தனை வருஷத்தில் அந்தப் படியருகே அவர் வந்தது அதுதான் முதல் தடவை. நாய்கள் இரண்டும் அவர் பேண்ட்டில் முகத்தைத் தேய்த்தன, தேய்க்க விட்டார். இரண்டு கைகளிலும் கழுத்துவரை நீலமும் மஞ்சளும் வெள்ளையுமாகத் துணிகள். அடுப்பைக் காலி செய்துவிட்டேன், இதையெல்லாம் இங்கே எங்காவது போட இடம் இருக்குமா என்று லூயெல்லாவைக் கேட்டார்.

லூயெல்லா ஆர்டிஸைத் திரும்பிப் பார்த்தாள். "ஏண்டி, இந்த ஆளுக்குக் காய்ச்சல் கீச்சல் அடிக்குதா?"

அன்று மத்தியானம் அந்த அடுப்பு முதன்முதலாகச் சூடு கண்டது. மாவும் வெண்ணெயும் பழமும் வேகும் வாசனை திரைச்சீலை, மெத்தை, அலமாரி என்று வண்டி பூராவும் புகுந்து, அந்தப் புது வாசத்தைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது. கூப்பிட்டவர்கள் எல்லாரும் வந்தார்கள். செருப்போடு வாருங்கள் என்று ஆர்டிஸ் சொல்லியிருந்தாள், செருப்போடு வந்தார்கள். லூயெல்லா நாய்களோடு வந்தாள். பெர்னீஸ் அம்மாளை ஆர்டிஸே போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து சோபாவின் நடுவில் உட்காரவைத்தாள். வெண்டல் மூலையில் நின்றார். கை சும்மா இருக்காதே. பேண்ட் பைக்குள் விட்டு, இரண்டையும் முஷ்டியாக இறுக்கிக்கொண்டார். மாவுத் துகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தது. எலி, கம்பி, தீ என்று அவர் உதடு தானாக முணுமுணுத்தது.

கேக் சூடாக வந்தது. பழச்சாறு விளிம்பில் வழிந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே வெட்கத்தில் குறுகி உட்கார்ந்திருந்த பெர்னீஸ் அம்மாளின் தட்டு சாய்ந்தது. ஒரு பெரிய துண்டு கவிழ்ந்து, வெளுத்த பாலாடை நிறத் துணி போர்த்திய அந்த சோபாவின்மேல் விழுந்து, ஒரு புரளலும் புரண்டுவிட்டுத் தரைக்குப் போனது. சோபாவில் உள்ளங்கை அகலத்துக்கு ஊதா.

எல்லாரும் வெண்டலைப் பார்த்தார்கள். ஆர்டிஸ் மட்டும் பார்க்கவில்லை. கத்தியைக் கேக்கின்மேல் பிடித்தபடி, குனிந்த தலை நிமிராமல் காத்திருந்தாள்.

"பரவால்ல" என்றார் வெண்டல். வேறு யாரோ அவர் தொண்டையில் உட்கார்ந்து சொன்னதுபோல இருந்தது. "எனக்கு ஒரு துண்டு குடு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிர் வரிசையில் லூயெல்லா கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தாள். ஆர்டிஸின் பெட்டி இன்னும் கட்டப்படவும் இல்லை, கட்டப்படாமலும் இல்லை. திறந்தபடி படுக்கைமேல் இருந்தது. அவள் எழுந்து வந்தபோது வெண்டல் வண்டிக்கு உள்ளேயே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஊதாக் கறை அப்படியே இருந்தது. அதன்மேல் துண்டு போட்டு மறைக்கக்கூட இல்லை.

"தொடைக்கலையா?" என்று கேட்டாள்.

"இருக்கட்டும்" என்றார் வெண்டல், கோப்பையைப் பார்த்துக்கொண்டு. "நீ சுட்டது."

வாழ்க்கையில் அவர் மனைவியிடம் சொன்ன மிக அழகான சொல் அதுதான் என்று அடித்துச் சொல்லலாம். கொஞ்சம் பொறுங்கள். கறை அங்கே இருந்ததற்குக் காரணம் வேறு. விடிவதற்கு முன்னாலேயே எழுந்து, வினிகர் போட்டு, சோடா மாவு போட்டு, எலுமிச்சம்பழம் தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்பு தேய்த்து, தன்னிடமிருந்த பாட்டில்கள் அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கொட்டிப் பார்த்துவிட்டார். கறை போகவில்லை. கொஞ்சம் அகன்றது. அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லாமல் போனபின்தான் அந்தப் பெருந்தன்மை வந்து சேர்ந்தது.

ஆர்டிஸுக்கு இது தெரிந்ததா? அவள் அவர் பக்கத்தில், கறையின்மேலேயே உட்கார்ந்தாள். ஈரம் முதுகுவரை ஏறியிருக்க வேண்டும். அவருடைய கைகள் இரண்டையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பத்து விரல் நுனியும் ஊதா. நகக்கண்ணெல்லாம் ஊதா. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து எதிர் வண்டிக்குப் போய், ஜன்னலைத் தட்டி லூயெல்லாவிடம் சொன்னாள்.

"நீ கெளம்புடி. நான் அடுத்த வருஷம் வரேன். இந்த மனுஷனுக்கு இன்னும் ரெண்டு மூணு கறை பாக்கி இருக்கு, அதையும் போட்டுட்டு வரேன்."

இதைப் படித்து நீங்கள் சிரித்திருப்பீர்கள். அரிசோனாக்காரன் கதை, நமக்கென்ன என்று தோன்றியிருக்கும். நீங்கள் அப்படிப்பட்ட ஆளே இல்லை, எனக்குத் தெரியும். உங்கள் வீட்டு டிவி ரிமோட் இன்னும் பாலிதீன் உறைக்குள் இருப்பது அது கெட்டுப்போகாமல் இருக்கத்தான். காரின் இருக்கையில் கம்பெனிக்காரன் போட்ட பிளாஸ்டிக்கைக் கிழிக்காதது மறதியால்தான். ஷோகேஸில் இருக்கும் அந்த நல்ல கோப்பைகள் விருந்தாளிக்குத்தான். விருந்தாளி வந்தால் சில்வர் டம்ளரில் காபி கொடுப்பது அவர் தப்பாக நினைக்க மாட்டார் என்பதால்தான். இருந்தாலும் எனக்காக ஒரு காரியம் செய்யுங்கள். எழுந்து, கூடத்தின் நடுவில் நின்று, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். உங்களோடு அந்த வீட்டில் இருக்கிறார்களே, அவர்களுடைய பொருள் ஏதாவது, அவர்கள் வைத்த இடத்தில், வைத்தபடியே கண்ணில் படுகிறதா?

படவில்லையா? பாராட்ட வேண்டியதுதான். வீடு படு சுத்தம்.